ஒரே நாளில் மலை உச்சிக்குப் போய்த் திரும்ப எப்படித் தயாராவது

விடியும்போது ஏறத் தொடங்கி, உச்சியைத் தொட்டு, இருட்டுமுன் அடிவாரத்துக்கு வந்துவிட வேண்டும் என்கிற மாதிரி ஒரு கடினமான மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இப்போது நிறையப் பேர் இப்படிக் கிளம்புகிறார்கள், சந்தோஷம். ஆனால் எல்லோரும் ஏறுவதற்கு மட்டும்தான் தயாராகிறார்கள். மூச்சு வாங்குமா, நெஞ்சு படபடக்குமா, மேலே சிக்னல் கிடைக்குமா, இப்படித்தான் கேள்வி வருகிறது. முட்டி தாங்குமா, சாயங்காலம் மரநிழலில் பாதை கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்கிற ஆளைப் பார்ப்பது அபூர்வம். வழுக்குவது, கால் பிசகுவது, வழி மாறிப் போவது, இருட்டில் மாட்டிக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் இறங்கும்போதுதான் நடக்கிறது. உச்சி பாதி வழி, அவ்வளவுதான். அதனால் கீழே சொல்லப்போகிற எல்லாவற்றையும் இறங்குவதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் சொல்லப்போகிறேன்.

எந்த மலை, யாரிடம் கேட்பது

நம் குமரி மாவட்டத்தில் மலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் இஷ்டத்துக்கு ஏறிவிடக்கூடிய மலை ரொம்பக் குறைவு. காட்டில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம், 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் வரும். அதற்குள்ளோ காப்புக்காட்டுக்குள்ளோ வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். "சும்மா கொஞ்ச தூரம் போயிட்டு வந்துருவோம் மக்கா" என்று கூப்பிடுகிற நண்பன் எல்லாக் குழுவிலும் ஒருத்தன் இருப்பான், அவன் பேச்சைக் கேட்காதீர்கள். மகேந்திரகிரி 1,654 மீட்டர், நம் மாவட்டமும் திருநெல்வேலி மாவட்டமும் சேரும் எல்லையில் நிற்கிறது, அந்தப் பக்க அடிவாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை வளாகம் இருக்கிறது. அழகாகத் தெரிகிறதே என்று நினைத்த நாளில் போய் ஏறுகிற இடம் இல்லை அது.

அனுமதி என்பது வெறும் காகித வேலை என்று நினைப்பவர்கள் குரங்கணியை நினைத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீக்குள் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று மாநில அரசு தனி விதிமுறை கொண்டுவந்தது. 2024-இல் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் ஆன்லைன் முன்பதிவைத் தொடங்கியது, வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம்தான் இந்த மொத்தச் செலவில் உருப்படியான செலவு என்பது என் அபிப்பிராயம். யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, எந்த ஓடையில் நேற்று தண்ணி ஏறியது, இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், கூகுள் மேப்புக்குத் தெரியாது.

பெரிய மலை என்றால் நம்மூர்க்காரர்கள் வழக்கமாகப் போவது அகத்தியர் மலை, சதுரகிரி, வெள்ளியங்கிரி. அகத்தியர் மலை 1,868 மீட்டர், கேரளப் பக்கம் போனக்காடு வழியாகத்தான் போவார்கள், அந்த மாநில வனத்துறை அனுமதியோடு. அது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை, முதல் நாள் நடந்து அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சி. ஆனால் அந்த இரண்டாவது நாள் மட்டுமே ஒரு கடினமான ஒருநாள் ஏற்றத்துக்குச் சமம், மேலே பாறையில் கயிறு பிடித்து ஏறி அதே கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும். ஆகவே இங்கே சொல்வது அதற்கும் பொருந்தும்.

எந்த மாதம்

குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. மற்ற மாவட்டத்துக்காரர்கள் "மழை முடிஞ்சிருச்சு" என்று கிளம்புகிற மாதத்தில் நம் மலையில் பாறையெல்லாம் பாசி பிடித்து எண்ணெய் தடவினது போல் இருக்கும். ஆடி மாதக் காற்று வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஏன் இத்தனை காற்றாலை நிற்கிறது என்று யோசித்தாலே போதும், மலை முகட்டில் அந்தக் காற்றில் நிமிர்ந்து நிற்பதே கஷ்டம். ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும்தான் நல்ல காலம். அதற்குப் பிறகு புல் காய்ந்து தீப்பிடிக்கிற காலம் வந்துவிடும், வனத்துறையே பாதைகளை மூடிவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை. மின்னல் வெட்டி முப்பது விநாடிக்குள் இடிச்சத்தம் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம், உடனே முகட்டை விட்டு இறங்க வேண்டும், தனியாக நிற்கிற மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

இன்னொன்று, கீழே வெயில் அடிக்கிறது என்பதால் மேலே மழை இல்லை என்று ஆகாது. காளிகேசம் மாதிரி இடங்களில் ஆற்றில் கால் நனைத்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை காட்டாறாக வந்துவிடும். தண்ணி நிறம் மாறி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் கரை ஏறிவிடுங்கள். போகும்போது கணுக்கால் அளவு இருந்த ஓடை திரும்பும்போது முட்டிக்கு மேல் வேகமாக ஓடினால் கடக்காதீர்கள், காத்திருங்கள். மலை ஓடை சீக்கிரம் ஏறுவதைப் போலவே மழை விட்டால் சீக்கிரம் வடியவும் செய்யும்.

காலைப் பழக்குவது

இதற்குத்தான் எட்டு வாரமாவது வேண்டும். ஏற்கெனவே ஓடுகிறவர், பந்து விளையாடுகிறவர் என்றால் ஐந்து வாரத்தில் சமாளிக்கலாம். "நான் தினமும் நடக்கிறேன்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: சமதளத்தில் நடப்பது மூச்சைப் பழக்கும், தொடையைப் பழக்காது. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது, பிரேக் போடுகிற வேலை. அந்த வேலைக்குப் பழகாத தசை இரண்டு மணி நேரத்தில் நடுங்க ஆரம்பிக்கும், நடுங்குகிற காலை வைத்த இடத்தில் வைக்க முடியாது, அங்கேதான் விழுவோம். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை நன்றாக இறங்கி வலி எடுத்துச் சரியான தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு வலிக்காது. அதனால் பயிற்சியில் இறக்கத்தைத் தேடிப் போங்கள்.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு நாலு நாள் முக்கால் மணி நேரம் வேகநடை. ஞாயிற்றுக்கிழமை சிதறால் மலைக்கோவிலுக்கு ஏறுங்கள், பாதை போட்டிருக்கிறது, வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போகலாம், சமணச் சிற்பங்களையும் பார்த்த மாதிரி ஆச்சு. சொத்தவிளை கடற்கரை பக்கத்தில் இருப்பவர்கள் காய்ந்த மணலில் நடங்கள், கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் அதைவிட நல்ல பயிற்சி காசு கொடுத்தாலும் கிடைக்காது. மூன்றாவது வாரத்திலிருந்து படிக்கட்டு. வீட்டு மாடியோ, ஆபீஸ் மாடியோ, மாத்தூர் தொட்டிப்பாலத்தில் இருந்து ஆற்றுப் பக்கம் இறங்குகிற படிக்கட்டோ, எது கிடைக்கிறதோ அது. ஏறும்போது சாதாரணமாக, இறங்கும்போது வேண்டுமென்றே மெதுவாக. கூடவே வீட்டில் ஒரு பயிற்சி: கடைசிப் படியில் ஒற்றைக் காலில் நின்று, இன்னொரு காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று விநாடி எண்ணி இறக்குங்கள், பிறகு மேலே. ஒரு காலுக்குப் பத்துப் பன்னிரண்டு. முட்டி உள்பக்கமாக மடியாமல் கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் மறுநாள் தெரியும்.

ஐந்தாவது வாரம் வந்ததும் மருந்துவாழ்மலை. நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகிற சாலையில் பொற்றையடியில் இறங்கினால் மலை கண்முன்னே நிற்கும். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்பார்கள், நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகையும் அங்கேதான் இருக்கிறது. கீழே படிக்கட்டு, மேலே போகப்போக வெறும் பாறை. நம் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான மலை இந்த மாவட்டத்தில் இல்லை என்பேன், ஏனென்றால் அடிவாரமே கிட்டத்தட்ட கடல்மட்டம், ஏறுவது எல்லாம் உண்மையான ஏற்றம், நிழலும் அதிகம் கிடையாது. மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வயலும் குளமும், அந்தப் பக்கம் மேற்குத்தொடர்ச்சி மலை. விடியுமுன் அடிவாரத்தில் இருங்கள், ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கும். முதல் வாரம் சும்மா ஏறி இறங்குங்கள். அடுத்த வாரம் மலைக்கு எடுத்துப் போகப்போகிற அதே பையில் அதே எடையைப் போட்டு ஏறுங்கள். அதற்கடுத்த வாரம் முடிந்தால் உச்சி வரை போய், பாதி இறங்கி, மறுபடி உச்சிக்குப் போய்க் கீழே வாருங்கள். அந்த இரண்டாவது இறக்கத்தில் உங்கள் கால் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனியுங்கள். பெரிய மலையில் கடைசி இரண்டு மணி நேரம் அப்படித்தான் இருக்கும்.

கடைசிப் பெரிய பயிற்சிக்கும் மலைக்கும் நடுவில் பத்து நாளாவது இருக்கட்டும். கடைசி வாரம் லேசான நடை மட்டும், தூக்கம் முக்கியம். வீட்டில் எதுவும் செய்யாமல் முந்தின சனிக்கிழமை பயந்துபோய் ஒரேயடியாகப் பயிற்சி எடுக்கிறவர்கள் வலியோடுதான் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள்.

ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை, ஆஸ்துமா உள்ளவர்களும், நாற்பது தாண்டிப் பல வருடமாக உடற்பயிற்சியே இல்லாதவர்களும் முதலில் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நாள் முழுக்க ஏறும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம், அன்றைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு, குளுக்கோஸை சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், கூட வருகிறவரிடமும் சொல்லிவையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நேரக் கணக்கு

1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன ஒரு கணக்கு இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழங்குகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள். ஒரு பக்கம் 6 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, மொத்தம் 2 மணி 42 நிமிடம். ஆனால் அவர் சொன்னது குளிர்நாட்டில் நல்ல உடல்வாகு உள்ள ஆளுக்கு. நம் புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது, உடம்பு சூட்டைத் தணிக்கவே இதயம் பாதி வேலை செய்யும், கூட்டமாகப் போனால் செல்ஃபிக்கு நிற்பது தனி. ஒன்றரை மடங்கு போடுங்கள், நாலு மணி நேரம். இறங்க மூன்று மணி நேரம். இறக்கம்தானே, பாதி நேரம் போதும் என்று நினைக்க வேண்டாம், பாறையும் வேரும் உள்ள பாதையில் அப்படி வராது.

இப்போது பின்னாலிருந்து வருவோம். ஜனவரியில் நம்மூரில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.40, அடைவது 6.20. மலையின் கிழக்குச் சரிவில் இருந்தால் வெயில் அதற்கு வெகுநேரம் முன்பே முகட்டுக்குப் பின்னால் போய்விடும், மரம் அடர்ந்த இடத்தில் ஐந்தரைக்கே பாதை மங்கிவிடும். ஆகவே ஐந்தரைக்கு எல்லோரும் கீழே இருக்க வேண்டும். கூட்டத்தில் ஒருத்தருக்குக் கால் பிசகினால் மூன்று மணி நேர இறக்கம் ஆறு மணி நேரம் ஆகும். ஐந்தரையில் ஆறு போனால் பதினொன்றரை. இதுதான் திரும்பும் நேரம். பதினொன்றரைக்கு எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்ப வேண்டும், உச்சி நூறடி தூரத்தில் தெரிந்தாலும் சரி. காலை 6.30-க்கு நடக்கத் தொடங்கினால் பத்தரைக்கு உச்சி, ஒரு மணி நேரம் கையிருப்பு. ஏழரைக்குத் தொடங்கினால் கையிருப்பே இல்லை. அடிவாரத்தில் டீ குடித்துக் கதை பேசி எட்டு மணிக்குத் தொடங்குகிற குழு என்றால் உச்சியை மறந்துவிடலாம்.

இந்த நேரத்தை அடிவாரத்திலேயே எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லி ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். மேலே போய்ப் பேசினால் எடுபடாது, அங்கே எல்லோருக்கும் ஆசை மட்டும்தான் இருக்கும்.

காலில் போடுவது

விலை முக்கியம் இல்லை, அடியில் பள்ளம் பள்ளமாகப் பிடிப்பு இருக்க வேண்டும், தேய்ந்திருக்கக் கூடாது. கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலையில் போடப்போகிற சாக்ஸைப் போட்டுக்கொண்டே போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். ஏதாவது சரிவில் நின்று பாருங்கள், விரல் முன்னால் போய் முட்டினால் அந்த ஷூ வேண்டாம், இறங்கும்போது நகம் கறுத்துவிடும். புது ஷூவோடு நேராக மலைக்கு வராதீர்கள், பயிற்சி முழுக்க அதையே போடுங்கள். இரண்டு நாள் முன்னால் நகம் வெட்டிவிடுங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்துவைத்துக் கொப்புளம் போடும், பாலியெஸ்டர் கலந்தது நல்லது, ஒரு ஜோடி உபரியாக எடுத்துக்கொள்ளுங்கள். குதிகாலில் சூடாக, உறுத்தலாகத் தெரிந்தவுடனே நின்று, மெடிக்கல் கடையில் கிடைக்கும் காகித டேப்பை ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதில் பாதிப் பலன்தான்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், தொடை உரசும்.

தண்ணியும் சாப்பாடும்

நம் சூட்டில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை போகும். ஒரு நாளுக்கு மூன்று லிட்டர் கையில் இருக்கட்டும், வழியில் ஓடை உண்டு என்று வழிகாட்டி உறுதி சொன்னால் ஒழியக் குறைக்காதீர்கள், ஓடைத் தண்ணியையும் குளோரின் மாத்திரை போடாமல் குடிக்காதீர்கள். அதில் ஒரு லிட்டரை இறக்கத்துக்கென்று தனி பாட்டிலில் ஒதுக்குங்கள். உச்சியில் எல்லாப் பாட்டிலும் காலி, கீழே மூன்று மணி நேரம் வறண்ட வாயோடு இறங்குவது என்பது ரொம்ப சகஜமாக நடக்கிறது, அந்த நேரத்தில் கவனம் சிதறும், கால் தடுமாறும்.

வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்துதான், வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணி ரத்தத்தில் இருக்கிற உப்பை இன்னும் நீர்க்கச் செய்யும், தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு கூடிப்போகும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு, தட்டையாக அளந்து. நம் வீட்டுக் கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுக் குடிப்பதும் இதே வேலையைச் செய்யும், அதைக் காலையில் கிளம்புமுன் ஒரு பெரிய டம்ளர் குடித்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டுக்குக் கடையில் விற்கும் எனர்ஜி பார் தேடி அலைய வேண்டாம். அவித்த ஏத்தன்பழம், கடலை மிட்டாய், கருப்பட்டித் துண்டு, பேரீச்சம்பழம், உப்புக்கு ஏத்தங்காய் சிப்ஸ். மட்டிப்பழம் ருசி, ஆனால் பையில் நசுங்கிவிடும், அடிவாரத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். மத்தியானத்துக்குப் புளிச்சாதமோ சப்பாத்தியோ போதும், பொரித்த மீனும் பிரியாணியும் கட்டிக்கொண்டு போய் உச்சியில் விருந்து வைத்தால் அப்புறம் கால் நகராது. முந்தின ராத்திரி பரோட்டா கடைக்குப் போகாமல் வீட்டில் சோறு சாப்பிட்டுச் சீக்கிரம் படுங்கள். நடக்கும்போது முக்கால் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் சாப்பிட வேண்டும், பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள். காட்டில் தெரியாத காயையோ இலையையோ வாயில் வைக்காதீர்கள். இந்த மலைகளில் வாழும் காணிப் பழங்குடி மக்கள் களைப்புத் தெரியாமல் நடக்க ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காயைத் தின்பார்கள் என்பது உண்மைதான், அவர்களுக்கு எது எது என்று தெரியும், நமக்குத் தெரியாது.

பையில் என்ன

தலையில் மாட்டும் டார்ச், ஆளுக்கு ஒன்று, மாற்று பேட்டரியோடு. பகலிலேயே திரும்பிவிடுவோம் என்றாலும் கண்டிப்பாக வேண்டும். போன் வெளிச்சத்தில் இறங்க ஒரு கை போய்விடும், இறக்கத்தில் இரண்டு கையும் வேண்டும். லேசான ரெயின்கோட்: நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்கு மேல் வெப்பம் குறைந்துகொண்டே போகும், 1,868 மீட்டர் உயரத்தில் கடற்கரையைவிட ஏறக்குறைய பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்கும், வியர்வையில் நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் நின்றால் பத்து நிமிடத்தில் நடுக்கம் வரும். தொப்பி, விசில் (மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம்), முட்டிக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜ், பஞ்சு, டேப், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, பவர் பேங்க். வழியை போனில் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டு, ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள், சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துபோகும். குப்பைக்கு ஒரு துணிப்பை. எல்லாம் சேர்ந்து தண்ணியோடு ஆறு கிலோவைத் தாண்டாமல் பாருங்கள்.

ஒரு கம்பு. நல்ல மூங்கில் கம்பு, நெஞ்சளவு உயரம். கடையில் விற்கும் மடக்குக் கம்பு இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. முட்டியில் விழும் பாரத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும்.

அப்புறம் வீட்டில் ஒருத்தரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்த மலை, எந்த வழி, யார் யார், வழிகாட்டியின் நம்பர், எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். அவசரத்துக்கு 108, 112.

காட்டுக்குள்

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் ரப்பர் தோட்டம் வழியாகத்தான் பல பாதைகள் போகும். விடியற்காலையில் பால் வெட்டுகிறவர்கள் அங்கே இருப்பார்கள். "அண்ணாச்சி, ஆனை எறங்கியிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். உடைந்த மூங்கில், ஆவி பறக்கிற ஆனைச் சாணம், இவற்றைப் பார்த்தால் சத்தம் போடாமல் திரும்புங்கள். புளூடூத் ஸ்பீக்கர் கொண்டு வருகிறவனை அடிவாரத்திலேயே வண்டியில் உட்கார வைத்துவிடலாம், யானை வரும் சத்தம் நமக்குக் கேட்க வேண்டும். பாறை இடுக்கில் பெரிய தேன்கூடு இருக்கும், சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், புகை போடாதீர்கள், கல்லெறியாதீர்கள். பாறையைப் பிடித்து ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கையை விடாதீர்கள், வெயில் காய விரியன் படுத்திருக்கும். கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம், அந்தக் காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு.

அட்டை தொல்லைதான், ஆபத்தில்லை. பேண்டை சாக்ஸுக்குள் சொருகி, சாக்ஸில் வேப்பெண்ணெயும் உப்பும் தடவுங்கள், புகையிலைத் தண்ணியும் தடவுவார்கள். ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பித் தள்ளுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட வேண்டாம்.

ஏறும் வேகம், பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேசுகிற அளவுக்கு இருக்க வேண்டும். மெதுவான ஆள் முன்னால், நன்றாக நடக்கிறவர் கடைசியில். ஒருத்தருக்குத் தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் நிழலில் உட்காரவைத்து, ஓ.ஆர்.எஸ். கொடுத்து, கழுத்தையும் அக்குளையும் நனைத்து விசிறுங்கள். அரை மணியில் தேறாவிட்டால் அவரோடு குழுவே இறங்க வேண்டும். உளறல், தள்ளாட்டம் என்றால் வெப்பத்தாக்கு, கையில் இருக்கிற தண்ணியை எல்லாம் அவர் மேல் ஊற்றிக் குளிர்விப்பதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு.

ஏறும்போதே அடிக்கடி திரும்பிப் பாருங்கள். பாதை பிரியும் இடங்களை போனில் பின்னோக்கிப் படம் எடுத்துவையுங்கள். ஏறும்போது ஒன்றாகத் தெரிந்த பாதை இறங்கும்போது மூன்றாகப் பிரிந்து தெரியும்.

இறக்கம்

உச்சியில் இருபது நிமிடம் போதும். சாப்பிட்டு, ஷூவைக் கழற்றி, காய்ந்த சாக்ஸ் மாற்றி, கயிற்றைக் கணுக்கால் பக்கம் நன்றாக இறுக்கிக் கட்டுங்கள், பாதம் முன்னால் சறுக்காது. கம்பை முதலில் கீழே ஊன்றி, அதற்குப் பிறகு கால். முட்டியை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக. பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்போம், அதுதான் வழுக்க வைக்கும், எடை பாதத்துக்கு மேலேயே இருக்கட்டும். செங்குத்தான பாறையில் முகத்தை மலைப் பக்கம் திருப்பி ஏணியில் இறங்குவது மாதிரி இறங்குங்கள், உட்கார்ந்து நகர்ந்தாலும் கேவலம் இல்லை, பேண்ட் கிழிந்தால் கிழியட்டும். ஓடி இறங்குகிறவனைப் பார்த்து நீங்களும் ஓடாதீர்கள். காய்ந்த சருகு மூடிய இடமும், ஈரமான வேரும், பாசி பிடித்த பாறையும், ஏறும்போது ஒன்றும் செய்யாதவை, இறங்கும்போது தூக்கிப் போடும். முக்கால் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நின்று, அந்த ஒதுக்கிவைத்த தண்ணியைக் குடியுங்கள். கார் தெரிகிற கடைசி அரை மணி நேரத்தில் எல்லோரும் பேச ஆரம்பிப்பார்கள், கவனம் போய்விடும், அங்கேதான் கணுக்கால் மடங்கும்.

கீழே வந்ததும் வீட்டுக்கு போன். காலையில் நாலு மணிக்கு எழுந்தவர் ராத்திரி வண்டி ஓட்ட வேண்டாம், மலையில் ஏறாத ஒரு டிரைவர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு மணி நேரமாவது படுத்துவிட்டு எடுங்கள்.

மறுநாளைவிட அதற்கு மறுநாள்தான் தொடை அதிகம் வலிக்கும், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவீர்கள், மூன்று நாலு நாளில் சரியாகிவிடும். லேசாக நடப்பது நல்லது, படுத்தே கிடந்தால் இன்னும் இறுகும். உடம்பில் தண்ணி குறைந்திருக்கும்போது வலி மாத்திரைகளை அள்ளிப் போடாதீர்கள், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் அந்த நிலையில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, வலியோடு கால் வீங்கித் தளர்ந்துபோனாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், மலை ஏறிவிட்டு வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.